ரப்பர் தவளையும் ஏரி விராலும்

விழுப்புரம் மாவட்ட ஏரிக்கரைகளில் மூங்கில் கம்புக்குப் பக்கத்தில் கார்பன் கம்பும் வந்து நிற்கிறது. எந்தக் கம்பு, எந்த நரம்பு, எந்தத் தூண்டில்பொருள்? தப்பாக வாங்கினால் நஷ்டம் வாங்கியவருக்கு மட்டும்தானா?

விடியற்காலை. கெடார் பக்கத்து ஏரி ஒன்றின் கரை. தை பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது. மதகுக்குக் கீழே நவரைக்கு நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் பளபளக்கிறது. கரையின் உட்புறம் அல்லி இலை, கோரை, பாசி. இளைஞர் ஒருவர் ஏழடிக் கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசுகிறார். பச்சை ரப்பர் தவளை இலைத்திட்டைத் தாண்டி 'பொத்'தென்று விழுகிறது. அவர் கம்பின் நுனியைச் சுண்டச் சுண்ட, தவளை இலைமேல் ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி தத்துகிறது. இலைகளுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டளவு ஒரு திறப்பு. அதில் தவளை இறங்கியதுதான் தாமதம், தண்ணீர் வெடித்துச் சிதறுகிறது.

விரால்! கம்பு வில்லாக வளைகிறது. மீன் இலைக்கு அடியில் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அடுத்த நொடி 'டப்'. நரம்பு அறுந்து காற்றில் சுருண்டு திரும்பி வருகிறது. தவளையும் இரட்டை முள்ளும் மீனோடு போய்விட்டன.

பத்தடி தள்ளி, மூங்கில் கம்பில் மண்புழு கோத்து ஜிலேபிக்குக் காத்திருக்கும் பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். "என்ன நரம்பு தம்பி போட்டிருக்க?"

கம்பு என்ன விலை, ரீல் எந்தக் கம்பெனி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவர் கண் நேராகப் போனது நரம்புக்கு. ஆறு மாதமாக அதே தங்கூசி. வெயிலில் பைக்கில் கட்டிக் கொண்டுபோய், வெயிலிலேயே காய்ந்தது. நைலானை வெயில் மெல்ல மெல்லத் தின்றுவிடும் என்பது அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வேறு மீனுக்குச் செய்த கருவி

இன்று விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கூரியரில் வந்து இறங்கும் கம்புகளில் பலவற்றின் உறையில் 'பாஸ்' என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்கர்கள் பித்தாகத் திரியும் பெரியவாய் பாஸ் மீனைத்தான் அது சொல்கிறது. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்குச் சற்று மேல். அந்தச் சாதனைக்கு ஈடு கொடுக்க 77 ஆண்டுகள் ஆயின. 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா அதே எடையில் ஒரு மீனைத் தூக்கினார். ஜப்பானுக்கு அந்த மீன் 1925இல் கொண்டுவரப்பட்டது. இன்று அங்கே அது நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும் அந்நிய இனம். அதை உயிரோடு எடுத்துச் செல்லவே சட்டம் தடை போட்டிருக்கிறது.

நம் ஏரியில் அந்த பாஸ் இல்லை. ஆனால் அதே தொழிலைச் செய்யும் மீன் இருக்கிறது. பாசிக்கு அடியில் அசையாமல் பதுங்கியிருந்து, மேலே போகும் தவளையையோ குஞ்சு மீனையோ ஒரே பாய்ச்சலில் கவ்வும் விரால். பாஸுக்கும் விராலுக்கும் உறவு கிடையாது, வேட்டை முறைதான் ஒன்று. அதனால் பாஸ் கருவி இங்கே ஓரளவு வேலை செய்கிறது. அந்த 'ஓரளவு' எங்கே முடிகிறது என்று தெரியாதவர்தான் பணத்தையும் மீனையும் இழக்கிறார்.

தமிழக ஏரியில் ரீல் வைத்த தூண்டில் நேற்று வந்த பழக்கமும் அல்ல. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' நூலை வெளியிட்டார். பிறகு 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று ஒரு நூல் எழுதினார். அன்று அது துரைமார்களின் பொழுதுபோக்கு. இன்று இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் கம்பும் ரீலும் கைக்கு வந்துவிடுகின்றன. ஐ.டி.ஐ. மாணவரும் வாங்குகிறார், டிராக்டர் ஓட்டுநரும் வாங்குகிறார்.

முதலில் நரம்பு

கடையில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது கம்பை. ஏரியைப் பார்த்து முதலில் முடிவு செய்ய வேண்டியதோ நரம்பை.

நம் வாய்வழக்கில் தங்கூசி என்றால் நைலான் ஒற்றை இழை. டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் 1935இல் கண்டுபிடித்த நைலான், சில ஆண்டுகளிலேயே தூண்டிலுக்கு வந்துவிட்டது. விலை மலிவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் இழுத்தால் நீளும். தக்கையும் புழுவும் போடுகிறவருக்கு அந்த நீட்சி நல்லது. மீன் வெட்டி இழுக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். முப்பது மீட்டர் தூரத்தில், பாசிக்கு மேலே, விராலின் எலும்பு வாயில் தடித்த இரட்டை முள்ளைக் குத்தி ஏற்ற வேண்டிய இடத்தில் அதே நீட்சி எதிரி. வீசுபவர் சுண்டிய சுண்டில் பாதி நரம்பிலேயே கரைந்துவிடும். மிச்ச நேரத்தில் விரால் இலைத்தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும்.

அதனால்தான் விரால் தேடுபவர்கள் பின்னல் நரம்புக்கு மாறினார்கள். கடைகளில் 'பி.இ.' என்றோ 'பிரெய்டு' என்றோ கேட்டால் தருவார்கள். நான்கு அல்லது எட்டு மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. நீட்சி ஏறக்குறைய கிடையாது. அதே பலத்துக்கு நைலானைவிட மிக மெல்லியது. தண்ணீரில் மிதக்கும் என்பதால் தவளை பொம்மையின் மூக்கைக் கீழே இழுக்காது. இறுக்கிப் பிடித்தால் அல்லித்தண்டை அறுத்துக்கொண்டு வரும்.

குறையும் உண்டு. கல்லில் உரசினால் பின்னல் நரம்பு சட்டென்று போய்விடும். கல் பாவிய அணைக்கரையில் நின்று வீசுபவர், முனையில் இரண்டு அடிக்கு ஃபுளூரோகார்பனோ தடித்த நைலானோ சேர்த்துக் கட்டுவது அவசியம். வழுக்கும் தன்மை இன்னொரு குறை. பழைய தங்கூசிக்குப் போடும் சுற்று முடிச்சு இதில் நழுவிவிடும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்துக் கட்டும் பாலோமார் முடிச்சை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். ரீலின் உருளையிலும் இது வழுக்கும். அடியில் சில சுற்று நைலான் சுற்றி, அதன் மேல்தான் பின்னலை ஏற்ற வேண்டும். இதைச் செய்யாதவர், மீன் இழுக்கும்போது மொத்த நரம்பும் உருளையோடு வழுக்கிச் சுற்றுவதைப் பார்த்து ரீல் கெட்டுவிட்டதாக நினைக்கிறார்.

பெட்டிச் செய்தி: மிதப்பதும் மூழ்குவதும்

தண்ணீரின் அடர்த்தி 1 என்று வைத்துக்கொண்டால்:
நைலான் 1.14. மெல்ல மூழ்கும்.
ஃபுளூரோகார்பன் 1.78. வேகமாக மூழ்கும். தண்ணீருக்குள் அதிகம் தெரியாது.
பின்னல் பாலிஎத்திலீன் 0.97. மிதக்கும்.

உறையில் உள்ள பவுண்டுக் கணக்கைப் பாதியாக்கினால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். சரியான கணக்கு: 20 பவுண்டு 9 கிலோ, 30 பவுண்டு 13.6 கிலோ, 50 பவுண்டு 22.7 கிலோ.

கம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் நான்கு விஷயம் இருக்கும்: நீளம், வலு, தாங்கும் நரம்பு, வீசும் பொருளின் எடை. கடைசியில் உள்ள எடைதான் முக்கியம். வீசும்போது கம்பை வளைப்பது நுனியில் தொங்கும் எடைதான். வளைந்த கம்பு நிமிரும் வேகத்தில்தான் தவளை பறக்கிறது. 10 முதல் 30 கிராம் என்று எழுதிய கம்பில் 5 கிராம் பொம்மையைக் கட்டினால் கம்பு வளையவே வளையாது, பத்தடியில் விழும். 5 முதல் 15 கிராம் கம்பில் 25 கிராம் தவளையை ஓங்கி வீசினால் ஒருநாள் கம்பு முறியும்.

பாசி மண்டிய நம் ஏரிகளுக்கு ஆறரை முதல் ஏழடி நீளம், 'மீடியம் ஹெவி' வலு, நுனி மட்டும் வளையும் 'ஃபாஸ்ட்' வகை பொருந்தும். ரீல் 3000 அல்லது 4000 அளவு, அதில் 30 பவுண்டு பின்னல். புதிதாகத் தொடங்குபவருக்கு இது போதும். ஆகாயத்தாமரையே கம்பளமாக விரிந்த ஏரி என்றால் 'ஹெவி' கம்பும் 40, 50 பவுண்டும் தேவை. திறந்த தண்ணீரில் ஸ்பூன், ஸ்பின்னர் ஆகிய தகட்டுப் பொம்மைகளை வீசுபவருக்கு 'மீடியம்' கம்பும் 20 பவுண்டும் கைக்கு இதம்.

இங்கேதான் ஒரு கண்ணி. பின்னல் மெல்லியது என்பதால் 20 பவுண்டு மட்டும் தாங்கும் கம்பில் 50 பவுண்டு நரம்பை ஏற்றி, ரீலின் பிரேக்கையும் இறுக்கிப் பூட்டிவிடுகிறார்கள். இப்போது அறுவதற்கு நரம்பு இல்லை. அடுத்துப் பலவீனமான இடம் கம்புதான். மீனைக் கரைக்கு இழுத்து, கம்பைச் செங்குத்தாக உயர்த்தும் கடைசி நொடியில் நுனி ஒடிகிறது. நரம்பின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு இழுப்பில் ரீல் விட்டுக்கொடுக்கும்படி பிரேக்கை வைப்பது பழைய நடைமுறை. பாசிக்குள் அப்படி விட்டுக்கொடுத்தால் விரால் வேரில் சுற்றிக்கொள்ளும் என்பதால் இறுக்கத்தான் வேண்டும். ஆனால் அப்படி இறுக்குவதற்குத் தகுந்த கம்பு கையில் இருக்க வேண்டும்.

கார்பன் கம்பில் உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம் ஏரிக்கரைகளுக்கு மேலே பம்புசெட்டுகளுக்குப் போகும் மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்குகின்றன. ஈரக் கையில் ஏழடிக் கம்பு, தலைக்கு மேல் வீச்சு, மேலே மின்கம்பி. வீசுவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இடி இடித்தால் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்கிவிடுங்கள். பழைய மூங்கில் கம்பில் இந்த அளவு ஆபத்து இருந்ததில்லை. பழக்கம் மாறும்போது எச்சரிக்கையும் மாற வேண்டும்.

தவளைக்குள் ஒளிந்த முள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் 1890களில் மரத்தில் தவளை செதுக்கி மீன் பிடித்தார். ஃபின்லாந்தில் லவுரி ரப்பாலா 1936இல் கார்க்கைச் சீவி, அடிபட்ட குஞ்சு மீன் போலத் தள்ளாடும் பொம்மையைச் செய்தார். இன்று நம் கையில் இருக்கும் உள்ளீடற்ற ரப்பர் தவளை அந்த வழியில் வந்த வாரிசு. விராலுக்கு இதைவிடப் பொருத்தமான பொம்மை இல்லை.

அதன் சூட்சுமம் எளிது. இரண்டு முள்ளும் மேல்நோக்கி, முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். இலைமேல் இழுத்தால் எதிலும் மாட்டாது. விரால் கவ்வும்போது ரப்பர் நசுங்க, முள் வெளியே வரும். அதனால் வாங்கும்போது விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுங்காத கெட்டித் தவளை கடையில் அழகாக இருக்கும், ஏரியில் மீனைக் கொண்டுவராது.

நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். விரால் கீழேயிருந்து வானத்தை நோக்கிப் பார்க்கிறது. அதற்குத் தெரிவது தவளையின் வயிறும் நிழலுருவமும். முதுகில் என்ன புள்ளி, என்ன பச்சை என்பதெல்லாம் பெரும்பாலும் வாங்குபவரின் கண்ணுக்குத்தான். மங்கிய வெளிச்சத்தில் கறுப்பு வயிறு எடுப்பாகத் தெரியும். மழை முடிந்து தண்ணீர் கலங்கியிருக்கும்போது, சுழலும் தகடு அதிர்வை எழுப்பும் ஸ்பின்னருக்குப் பலன் அதிகம். மீன் கண்ணைவிட உடலின் பக்கக்கோட்டால் அதை உணர்கிறது.

கவ்வியதும் சுண்டாதீர்கள். தண்ணீர் வெடித்ததைப் பார்த்த அதிர்ச்சியில் உடனே சுண்டினால் தவளை மட்டும் பறந்து முகத்துக்கு வரும். ஒரு நொடி. நரம்பில் கனம் தெரிந்த பிறகுதான் சுண்ட வேண்டும்.

இந்த ரப்பர் பொம்மையால் ஒரு நன்மையும் விளைந்திருக்கிறது. முன்பு உயிர்த் தவளையின் முதுகில் முள்ளைக் கோத்துத்தான் பலரும் விரால் பிடித்தார்கள். வயல் பூச்சியைத் தின்னும் தவளைகள் குறைவதை உணர்ந்துதான் 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்தியது. ஒரு ரப்பர் தவளை எத்தனையோ உயிர்த் தவளைகளை வயலிலேயே விட்டுவைக்கிறது.

செந்நிறக் கூட்டத்தின் மேல் வீசாதீர்கள்

இனி, இந்தக் கட்டுரையின் மையமான விஷயம்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் இருக்கும் காற்றறையை நிரப்ப, அவ்வப்போது மேலே வந்தே தீர வேண்டும். சேறும் பாசியுமாக உயிர்க்காற்று குறைந்த ஏரியில் அது பிழைப்பதற்கும், வாளியில் உயிரோடு சந்தைக்குப் போவதற்கும் இதுதான் காரணம். அதன் குஞ்சுகளும் அப்படித்தான். பாசியை விலக்கி அமைத்த சிறு திறப்பில் முட்டைகள் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செந்நிறத்தில், நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக நீந்தும். திரள் மொத்தமும் மூச்சு வாங்க மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போல இருக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல்.

வீசத் தெரிந்தவருக்கு அந்தத் தூறல் ஒரு முகவரி. திரளின் நடுவே தவளையை விட்டால் காவல் மீன் பாய்ந்தே தீரும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. அதைத் தூக்கிவிட்டால், கெண்டையும் குறவையும் நீர்க்காகமும் சூழ்ந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒரு மீன் பிடித்ததாகக் கைப்பேசியில் படம் வரும். உண்மையில் எடுத்தது ஒரு தலைமுறையை.

மழைக்காலம்தான் விரால் இனப்பெருக்கத்தின் உச்சம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து, ஓடையும் வயலும் ஒரே நீராக இணையும்போது மீன்கள் புது இடங்களுக்குப் பரவுகின்றன. அதற்கடுத்த சில மாதங்களில் அவை நிலைகொள்வதும் தீர்ந்துபோவதும் கரையில் நிற்பவரின் கையில் இருக்கிறது. மீனை விட்டுவிட நினைப்பவர், முள்ளின் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிடலாம். கழற்றுவது எளிது, வாய் கிழியாது.

ஊரார் ஒப்புதல் இன்னொரு பக்கம். பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசி ஏலம் உண்டு. குத்தகை எடுத்தவர் காசு போட்டு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டிருப்பார். விரால் அவர் விடாத மீனாக இருக்கலாம். குஞ்சுகளைத் தின்பதால் அவருக்கே அது பிடிக்காமலும் இருக்கலாம். ஆனாலும் கேட்காமல் வீசுவது சண்டையில்தான் முடியும். பல இடங்களில் ஒரு வார்த்தை கேட்டாலே போதும், வழி விடுகிறார்கள்.

பெட்டிச் செய்தி: ஊர் ஊராக விரால்

தெலங்கானா அரசு விராலை மாநில மீனாக அறிவித்திருக்கிறது.
மலேசியாவில் இதே மீனின் பெயர் ஹருவான். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் காயம் ஆற அதைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு.
விராலின் வடசீன உறவுக்கார இனம் 2002இல் அமெரிக்காவின் மேரிலாண்டில், கிராஃப்டன் ஊர்க் குளம் ஒன்றில் தென்பட்டபோது அந்நாடே பதறியது. அதே ஆண்டு விரால் இனங்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. இன்று பாஸ் பிடிப்பவர்கள் அதே ரப்பர் தவளையால் அதைப் பிடிக்கிறார்கள்.

வீடூரும் கழுவேலியும்

திண்டிவனம் பக்கம் கதை வேறு. சங்கராபரணி ஆற்றின் குறுக்கே 1959இல் கட்டப்பட்ட வீடூர் அணையின் முழுக் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி, உயரம் 32 அடி. அங்கே பாசியைவிடத் திறந்த தண்ணீரும் கல்கரையும்தான் அதிகம். பாசி ஏரியில் பலன் தரும் ஹெவி கம்பும் தவளையும் இங்கே கையைத்தான் வலிக்க வைக்கும். ஸ்பூன், மூழ்கும் பொம்மை, மெல்லிய நரம்பு, முனையில் உரசலைத் தாங்கும் இழை என்று மாற்ற வேண்டும்.

கிழக்கே போனால் மரக்காணம். உண்மையில் பாஸ் என்ற பெயருக்கு நம்மிடம் உரிமையுள்ள மீன் அங்கேதான்: கொடுவா, ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ். அதன் செவுள்மூடி கத்தி போன்றது; முனையில் தடித்த இழை இல்லாமல் பின்னலை நேராகக் கட்டியவர் அதை இழப்பார். கொடுவா ஆணாகப் பிறந்து, வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா எல்லாம் அநேகமாக முட்டையிடும் தாய்கள். பிடித்ததில் பெரியதை வைத்துக்கொண்டு சின்னதை விடும் வழக்கம் இந்த மீனுக்குத் தலைகீழ் நியாயம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இலேயே கொடுவாவைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. சாப்பாட்டுக்கு வளர்ப்பு மீன் கிடைக்கிறது. கழிமுகத்துத் தாயைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை.

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு இடமில்லை. பறவைகளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. காலையில் கழுவேலியில் மேயும் கொக்கும் நீர்க்காகமும் மாலையில் நம் ஏரிக்கு வரும். இங்கே அறுந்து கிடக்கும் நரம்பில் கால் சிக்கும்.

அந்த நரம்பு மட்காது. சித்திரையில் ஏரி வற்றி வண்டல் வெடிக்கும்போது அது வெளியே தெரியும். கருவேலஞ்செடியில் சுற்றிய பின்னல் நரம்புப் பந்துகள், வெளுத்துப்போன ரப்பர் தவளைகள், துரு ஏறியும் கூர் மழுங்காத இரட்டை முட்கள். அந்த நேரத்தில் ஏரியில் ஆடு மேயும். வண்டல் அள்ள ஆட்கள் இறங்குவார்கள், பெரும்பாலும் வெறுங்காலோடு. கம்போடு கிளம்பும்போது பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும் எடுத்துப்போய், அறுந்த துண்டுகளை அதில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. வெயில் ஏறியபின் கம்பைக் கரையில் சாய்த்துவிட்டு, காலால் மெல்லத் துழாவிக்கொண்டே அல்லித்திட்டு வரை இறங்கி, சிக்கிய தவளையைக் கழற்றி வருபவர்களும் இருக்கிறார்கள்.